ஆமை நின்ற இடங்கள்

நல்லாறு நகரத்தின் பாதாளச் சாக்கடைகளைச் சுத்தம் செய்த இயந்திரங்களுக்கு அரசாங்கக் காகிதங்களில் நீளமான ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்வதில்லை. வட்டமான முதுகும் குட்டைக் கால்களுமாக இருந்ததால் எல்லோரும் ஆமை என்றார்கள். மொத்தம் நாற்பது ஆமைகள். தெருக்களுக்கு அடியில் ஓயாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். அடைப்பைக் கண்டால் கல்லையே உடைக்கும் வேகத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். கழிவுநீர் தேங்காமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பூங்காக்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நல்ல நீராகத் திரும்பும். ஆமைகள் வந்தபிறகு இந்த நகரத்தில் எந்த மனிதரும் சாக்கடைக்குள் இறங்குவதில்லை என்று நகர எல்லையில் பெரிய பலகை வைத்திருந்தார்கள்.

ஆமைகள் எங்கெங்கே நேரத்தை வீணாக்குகின்றன என்று கண்டுபிடிப்பது ரஃபீகா பானுவின் வேலை. அவளுக்கு முப்பத்து நான்கு வயது. கட்டுப்பாட்டு மையத்தின் மூன்றாம் மாடியில், நகரத்தின் அடிவயிறு முழுக்கக் கோடுகளாகத் தெரியும் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு திங்கள்கிழமை, ஓராண்டுப் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பதினைந்து இடங்கள் அவள் கண்ணில் பட்டன. அவற்றில் பதினான்கில், எந்த ஆமை போனாலும், சரியாக நாற்பது நொடி நின்றது. அடைப்பு இல்லை, பழுது இல்லை. சும்மா நின்றுவிட்டுப் போனது. பதினைந்தாவது இடம் இன்னும் விசித்திரம். எழில்வனம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால் போகும் குழாய் அது. பல நாட்கள் ஆமை அங்கே நிற்காமலே போனது. சில நாட்களில் மட்டும் இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம் அசையாமல் கிடந்தது.

தலைமைப் பொறியாளர் ஜெயசீலனிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

“எடுத்துடலாம்மா,” என்றார் அவர். “வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்குப் புது வழிமுறையை ஏத்தறோம். காரணம் தெரியாத நிறுத்தம் எல்லாத்தையும் அதுல நீக்கிடு. திங்கக்கிழமை சுத்தமான நகரத்துக்கான விருதுக் குழு வருது.”

“ஏன் நிக்குதுன்னு தெரிய வேண்டாமா சார்?”

“தெரிஞ்சா நல்லதுதான். ஆனா அதைக் கேட்க முடியாதே.”

அவர் சொன்னது உண்மை. ஆமைகளுக்கு யாரும் விதிகளை எழுதிக் கொடுக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் மூன்று துப்புரவுத் தொழிலாளர்கள் எட்டு மாதம் ஒரு சிறப்புச் சட்டையை அணிந்துகொண்டு சாக்கடைக்குள் வேலை செய்தார்கள். அவர்கள் எங்கே வளைந்தார்கள், எங்கே தயங்கினார்கள், எப்போது மூச்சைப் பிடித்தார்கள், என்ன சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார்கள் என்று எல்லாவற்றையும் அந்தச் சட்டை பதிந்தது. அதைப் பார்த்துத்தான் ஆமைகள் கற்றுக்கொண்டன. கற்றதைச் செய்யுமே தவிர, ஏன் என்று அவற்றால் சொல்ல முடியாது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார்,” என்றாள் ரஃபீகா.

“அதுக்குள்ள லிஸ்ட்ல இருக்கிற ஏதாவது ஒரு காரணம் கிடைச்சா விட்டுடலாம். இல்லைன்னா நீக்கிடு.”

லிஸ்ட்டில் பத்தொன்பது காரணங்கள் இருந்தன. கல், வேர், விஷவாயு, மின்கலத் தாமதம் என்று நீண்டது.

சட்டை அணிந்த அந்த மூன்று பேரில் ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார். மாசிலாமணி மட்டும் நகரத்திலேயே இருந்தார். சட்டை போட்டதற்குக் கைமாறாக மாநகராட்சிப் பூங்காவில் வேலை கொடுத்திருந்தார்கள். புதன்கிழமை ரஃபீகா போனபோது அவர் ரப்பர் குழாயோடு செம்பருத்திப் பாத்தியில் நின்றிருந்தார். ஐம்பது வயதை நெருங்கும் ஆள், நல்ல உயரம். சாக்கடையில் இறங்குவதற்கு அந்த உயரம் எவ்வளவு இடைஞ்சலாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் நீட்டிய பதினான்கு இடங்களின் பட்டியலை அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

“பழைய தாலுகா ஆபீஸ் முக்கு, மீன் மார்க்கெட் பின்பக்கம், ஆஸ்பத்திரி வளைவு... இதுல அஞ்சு இடம் எனக்குத் தெரியும் மேடம். அங்க நான் நிப்பேன்.”

“எதுக்குண்ணே?”

“காத்துக்கு. நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்லை. அடிச்சுக்கிட்டே இருந்த நாத்தம் திடீர்னு காணாமப் போச்சுன்னா, அங்கதான் ஆள் விழுவான். அதனால நின்னு, மூக்கைத் தூக்கிப் பாத்துட்டுத்தான் அடுத்த அடி வைப்பேன். மீன் மார்க்கெட்டுகிட்ட என் மச்சினன் நிக்காமப் போனான். ரெண்டு பேராச் சேந்துதான் அவனை மேல இழுத்தோம்.”

அவர் குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றினார். ரஃபீகா பட்டியலில் மற்றவற்றைக் காட்டி, “மிச்ச ஒன்பது?” என்று கேட்டாள்.

“அங்கெல்லாம் நான் இறங்கினதே இல்லையே மேடம்.”

அந்த ஒன்பது இடங்களையும் அன்று பிற்பகலிலேயே அளக்கச் சொன்னாள். ஒன்பதிலும் விஷவாயு தேங்கியிருந்தது. பழைய குழாயும் புதுக் குழாயும் சேரும் இடம், தரை லேசாகப் பள்ளமாகும் இடம், பக்கத்தில் ஓட்டல் சமையல்கட்டுத் தண்ணீர் வந்து விழும் இடம். மாசிலாமணி நின்ற ஐந்து இடங்களின் சாயல் அவற்றில் இருந்தது. ஆமைகள் அந்தச் சாயலைப் பிடித்துக்கொண்டிருந்தன.

போனில் சொன்னபோது அவர் சிரித்தார். “என் பயத்தை அது நல்லாவே கத்துக்கிட்டிருக்கு போல.”

பதினான்கு இடங்களுக்கும் எதிரே விஷவாயு என்று எழுதினாள். எழில்வனத்தில் மட்டும் வாயு இல்லை. எத்தனை முறை அளந்தாலும் இல்லை.

வியாழக்கிழமை காலை மாசிலாமணி கட்டுப்பாட்டு மையத்துக்கே வந்தார். அப்படி ஒரு இடம் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். ஆமைகளின் காதுகளில் பதிவான சத்தங்களை ரஃபீகா ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். எழில்வனத்தின் பின்பக்கம், மூன்றாம் ஆமை, சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. தண்ணீர் ஓடும் சத்தம். எங்கோ சொட்டும் சத்தம். மாசிலாமணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று கையைத் தூக்கினார்.

“திரும்பப் போடுங்க.”

மறுபடியும் போட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே, மிக மெல்லிதாக, இரும்பு இரும்பில் படும் ஒலி. டக், டக். சற்று இடைவெளி. டக்.

மாசிலாமணியின் முகம் மாறிவிட்டது.

“ஆள் இருக்கான் மேடம்.”

“எங்க?”

“உள்ள. பக்கத்துத் தொட்டில. இது எங்க தட்டு. நான் இங்க இருக்கேன், தண்ணியைத் திறந்துடாதேன்னு அர்த்தம். இந்தத் தட்டுக் கேட்டா நாங்க எந்த வேலை இருந்தாலும் அப்படியே நின்னுடுவோம். மூணு தடவை சேர்ந்தாப்ல தட்டினா வெளிய வந்துட்டான்னு அர்த்தம். அப்புறம்தான் நகருவோம்.”

ரஃபீகா பதிவை ஓடவிட்டாள். இருபத்து இரண்டாம் நிமிடத்தில், டக் டக் டக். மூன்றாம் ஆமை நகர்ந்தது.

“ஆனா இங்கதான் யாரும் இறங்கறது இல்லையே,” என்றாள் அவள். சொல்லும்போதே தன் குரல் தனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது.

எழில்வனம் வழியாகப் போகும் ஆமை இப்போது எங்கே என்று பார்த்தாள். மூன்றாம் ஆமை அந்த இடத்தில்தான் இருந்தது. ஆறு நிமிடமாக நகரவில்லை.

ஸ்கூட்டரில் பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் பராமரிப்பு மேலாளர் வழிமறித்தார். மாநகராட்சி அட்டையைக் காட்டிவிட்டு ரஃபீகா நடந்துகொண்டே இருந்தாள். கட்டடத்தின் பின்னால், ஜெனரேட்டர் அறைக்கும் மதில் சுவருக்கும் நடுவே, இரும்பு மூடி ஒன்று திறந்து கிடந்தது. ஒரு பெண், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்தபடி காலை ஊன்றி நின்றிருந்தாள்.

அவர்களைப் பார்த்ததும், “சும்மா மூடியைத் திறந்து பாக்குறோம்,” என்றாள் அவள். கயிற்றை மட்டும் விடவில்லை.

“தெரியும்மா,” என்று சொல்லிவிட்டு மாசிலாமணி அவளுக்குப் பக்கத்தில் நின்று கயிற்றில் கையை வைத்தார். “ஏத்திடலாம் வா.”

மேலே வந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும். பெயர் துரைக்கண்ணு. கயிறு பிடித்திருந்தவள் அவன் மனைவி அஞ்சலை. சிதம்பரம் பக்கத்திலிருந்து வந்து நான்கு வருடம் ஆகிறது என்றான். கட்டடத்தின் உள்குழாய் மாநகராட்சிக் குழாயோடு சேரும் கடைசித் தொட்டி அது. பெரிய குழாயில் போகும் ஆமை அதற்குள் நுழையாது; அது பீய்ச்சும் தண்ணீர் மட்டும் உள்ளே பாயும். அடைத்துக்கொண்டால் மாநகராட்சிக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். ஆள் வந்து பார்த்தால், அனுமதி இல்லாமல் சேர்த்த இணைப்புகளும் வெளியே தெரியும். அதனால் மேலாளர் இவனைக் கூப்பிடுவார்.

“கீழ ஒரு மிஷின் போகுதே, தெரியுமா?” என்று கேட்டாள் ரஃபீகா.

“தெரியாமலா? போன தையில முத தடவை அது வந்தப்ப நான் உள்ளதான் இருந்தேன். தண்ணி சீறிக்கிட்டு வர்ற சத்தம். ஏற நேரமில்லை. முடிஞ்சுதுன்னே நினைச்சேன். கைல கம்பி இருந்துச்சு. வேற என்ன செய்யறதுன்னு தெரியாம, பழக்கத்துல தட்டினேன்.” துரைக்கண்ணு தலையிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொண்டான். “நின்னுடுச்சுங்க. நான் ஏறி முடிக்கிற வரைக்கும் நின்னுச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் தட்டுவேன். ஒவ்வொரு தடவையும் நிக்கும். அதுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்கன்னுதான் எனக்குப் புரியலை.”

மாசிலாமணி மதில் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“நாளைலேருந்து நிக்காது,” என்றாள் ரஃபீகா.

“ஏன்?”

“நேரம் வீணாகுதுன்னு நீக்கறோம். காலைல பத்து மணிக்கு.”

அஞ்சலை கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“நான் எழுதினா நிறுத்தலாம்,” என்றாள் ரஃபீகா. “இங்க ஆள் இறங்கறாங்கன்னு எழுதணும்.”

“ஐயோ, அது வேண்டாம் மேடம்.” துரைக்கண்ணு பதறிவிட்டான். “எழுதினா இவங்களுக்கு நோட்டீஸ் வரும். அப்புறம் என்னைக் கூப்பிடவே மாட்டாங்க. இவங்க மட்டுமில்லை, யாருமே கூப்பிட மாட்டாங்க. எனக்கு வேற வேலை எதுவும் தெரியாது.”

“எழுதட்டும் தம்பி,” என்றார் மாசிலாமணி. “நானும் இறங்கினவன்தான், இப்பப் பூங்காவுல செடிக்குத் தண்ணி ஊத்தறேன். உசிரு இருந்தாத்தானே வேலை?”

“உங்களுக்குச் செடிக்குத் தண்ணி ஊத்தற வேலை இருக்கு. நீங்க சொல்லுவீங்கண்ணே.”

மாசிலாமணி கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். வேறு ஏதாவது பொய்க் காரணம் எழுதலாமா என்று ரஃபீகா ஒருகணம் யோசித்தாள். விஷவாயு என்று எழுதினால் ஆமை நாற்பது நொடி மட்டும் நிற்கும். அவன் ஏறுவதற்கு அது போதாது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜெயசீலனின் மேசையில் அவள் அறிக்கையை வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டு மூன்றாவது முறை படித்தார்.

“இது திங்கக்கிழமைக்கு முன்னாடி வெளிய போனா என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும் சார். போகலைன்னா இன்னிக்குப் பத்து மணிக்கு மேல என்ன ஆகும்னும் தெரியும்.”

அவர் அறிக்கையை மூடி வைத்தார்.

“ஊர் எல்லைல அந்தப் பலகை இருக்கே, அந்த வாசகம் நான் எழுதினது ரஃபீகா. பொய்னு தெரிஞ்சு எழுதலை. நம்பித்தான் எழுதினேன்.” பிறகு மெதுவாகக் கேட்டார்: “இதை எந்தக் காரணத்துல போடப்போறே? பத்தொன்பதுல ஒண்ணும் பொருந்தாதே.”

“இருபதாவதா ஒண்ணு சேர்க்கணும் சார். அதுக்கான அனுமதி உங்ககிட்டதான் இருக்கு.”

அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். ஒரே ஒரு சொல்லைத்தான் தட்டினார்: ஆள்.

புதிய காரணம் ஒன்று சேர்ந்தால், பழைய பதிவுகளையும் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த அமைப்பின் வழக்கம். எழில்வனத்தில் கேட்ட தட்டல் போல வேறு எங்காவது கேட்டிருக்கிறதா என்று அது தானாகவே தேடத் தொடங்கியது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு புள்ளி எரிந்தது. அது எழில்வனம். பிறகு ஜவுளிச் சந்தைக்குப் பின்னால் ஒன்று. பெண்கள் விடுதி அருகே ஒன்று. மின்கலத் தாமதம் என்று இத்தனை நாள் ஒதுக்கி வைத்திருந்த நிறுத்தங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. அது தேடி முடித்தபோது முப்பத்து எட்டு இடங்கள் இருந்தன. ஓராண்டில் இருநூற்றுக்கும் மேற்பட்ட முறை ஆமைகள் மனிதர்களுக்காகக் காத்திருந்தன. அவற்றில் ஒரு இடம், விருதுக் குழு தங்குவதற்காகப் புதுப்பித்துக்கொண்டிருந்த விருந்தினர் மாளிகை.

“இறைவா,” என்றார் ஜெயசீலன். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது புது வழிமுறையை ஏற்ற வேண்டாம் என்று உத்தரவு போட்டார்.

விருது கிடைக்கவில்லை. ரஃபீகாவை இரண்டு விசாரணைக் குழுக்கள் கூப்பிட்டுக் கேட்டன. எழில்வனத்துக்கு நோட்டீஸ் போனது. துரைக்கண்ணு சொன்னது அப்படியே நடந்தது. அவனை யாரும் கூப்பிடவில்லை. ஒருநாள் அஞ்சலை கட்டுப்பாட்டு மையத்தின் வாசலில் வந்து நின்றாள். மகளைச் சிதம்பரத்தில் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பதாகச் சொன்னாள்.

“நீங்க கெட்டது செய்யலை. அது எனக்குப் புரியுது. ஆனா எம்பொண்ணு இங்க இல்லை,” என்றாள். சண்டை போட வந்தவள் போலவும் இல்லை, உதவி கேட்க வந்தவள் போலவும் இல்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து ரஃபீகா வேறொரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். தனியார் கட்டடங்களின் தொட்டிகளுக்குள் இறங்கும் சிறிய இயந்திரம், அதை வண்டியில் கொண்டுபோய் இயக்கும் குழு, அந்தக் குழுவில் இதுவரை உள்ளே இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கே முதல் இடம் என்று ஒரு திட்டம் எழுதினாள். மேலதிகாரிகள் அதை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது முறை ஜெயசீலன் தானே எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து வாங்கி வந்தார். ஐந்து மாதம் ஆயிற்று. துரைக்கண்ணு உட்பட இருபத்தாறு பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். மற்றவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்தாலும் சிலர் பயந்துகொண்டு வரவில்லை. துரைக்கண்ணுவுக்குக் கட்டுப்பாட்டு மையத்திலேயே இடம் கிடைத்தது. ஆமைகளின் காதில் விழுவதைக் கேட்டு, எது தட்டல், எது வெறும் சத்தம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஆனி மாதம் மகள் திரும்பி வந்தாள்.

புதுக் குழு வேலையைத் தொடங்கி ஒரு மாதம் முடிந்தது. ஜெயசீலன் மாத அறிக்கையைப் பார்த்துவிட்டு மூன்றாம் மாடிக்கே வந்துவிட்டார்.

“என்னம்மா இது? மாசத்துக்கு இருபது தடவைதான் ‘ஆள்’னு வரும். இந்த மாசம் அறுபத்து ஒண்ணு. நாம இவ்வளவு செஞ்சும் இறங்கறவங்க மூணு மடங்கு ஆயிட்டாங்களா?”

ரஃபீகாவுக்கும் அது புரியவில்லை. அறுபத்தொரு பதிவுகளையும் விரித்தாள். பெரும்பாலானவை புது இடங்கள். அவற்றின் பழைய பதிவுகளில் தட்டலே இல்லை. தயக்கத்தோடு துரைக்கண்ணுவைப் பார்த்தாள். அவன் காதிலிருந்த கருவியைக் கழற்றினான்.

“ஆள் கூடலை சார். முன்னயும் அவ்வளவு பேர் இறங்கிக்கிட்டுத்தான் இருந்தாங்க. இளவட்டப் பசங்களுக்கு இந்தத் தட்டு தெரியாது. தெரிஞ்சவங்களும், சத்தம் கேட்டா மாட்டிக்குவோம்னு வாயைப் பொத்திக்கிட்டு இறங்கினாங்க. ஆமை வந்தா அவங்களுக்குத் தெரியாது, ஆமைக்கும் அவங்களைத் தெரியாது.”

“இப்ப எப்படித் தெரிஞ்சுது?”

“நான்தான் சொன்னேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானும் மாசிலாமணி அண்ணனும் பஸ் ஸ்டாண்டு, செங்கல் சூளைப் பக்கம், மேம்பாலத்து அடின்னு போவோம். இறங்காதேன்னு சொன்னா எவனும் கேக்க மாட்டான் சார். அதனால, இறங்கினா தட்டுன்னு சொன்னோம்.”

ஜெயசீலன் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அறுபத்து ஒன்று என்ற அந்த எண்ணை மறுபடியும் பார்த்தார். அடுத்த மாதம் அது இன்னும் கூடும் என்று ரஃபீகாவுக்குப் புரிந்தது. கூட வேண்டும் என்றும் தோன்றியது. ஒரு நகரத்தின் மாத அறிக்கையில் அதை எப்படி நல்ல செய்தியாக எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

திரையின் தென்கோடியில் பத்தொன்பதாம் ஆமை நின்றது. துரைக்கண்ணு கருவியைக் காதில் வைத்துக் கேட்டான். பிறகு போனை எடுத்து, அந்தப் பக்கத்துக் குழுவின் வண்டியைக் கூப்பிட்டான்.

“ராயல் மஹால் பின்பக்கம். ஒரு ஆள் உள்ள இருக்கார். சீக்கிரம் போங்க, ஆனா சத்தம் போட்டுக்கிட்டுப் போய் மிரட்டிடாதீங்க. மேல வந்ததும் பேர் கேக்க வேண்டாம். முதல்ல தண்ணி குடுங்க.”